எரியும் பொருளும் எழுதிய சொல்லும்

விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசியைச் சூழ்ந்த நிலம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் உழவர்க்கு வேறு பிழைப்பு இல்லாதிருந்த காலத்தில், அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் உறவினர் இருவர் 1922ஆம் ஆண்டில் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். மறு ஆண்டே ஊரில் அத்தொழிலைத் தொடங்கினர். தீப்பெட்டியின் பின்னே வாணவெடித் தொழில் வந்தது. பெட்டியின் மேல் ஒட்டும் வண்ணப் படங்களுக்காக அச்சுத்தொழிலும் தழைத்தது. இவ்வாறு, எரியும் பொருளைச் செய்யும் ஊரே அப்பொருளைப் பற்றிய சொல்லை அச்சிடும் ஊராகவும் ஆயிற்று.

அச்சொல் வாங்குவோனுக்கு எவ்வளவு சொல்லுதல் வேண்டும்?

தீப்பெட்டியை முதலில் நோக்குவோம். அதன்மேல் உள்ளிருக்கும் குச்சிகளின் எண்ணிக்கை, பெரும்பாலும் ‘சராசரி’ என்னும் அடைமொழியோடு, குறிக்கப்பெறும். அடைமொழிக்குக் காரணம் உண்டு. குச்சிகளைக் கையால் அள்ளி அடைக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாது. பழகிய கையும் ஒரு பெட்டியில் இரண்டு குச்சி மிகுதியாக வைக்கும். மற்றொன்றில் இரண்டு குறைவாக வைக்கும். 1934ஆம் ஆண்டுத் தீப்பெட்டித் தீர்வைச் சட்டமும் இச்சராசரியைக் கொண்டே வரியை வகுத்தது.

எண்ணிக்கையைச் சொல்வதனால் விளையும் பயனை அண்மை நிகழ்ச்சியொன்று விளக்கும். பதினான்கு ஆண்டுகளாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டியின் விலை, மூலப்பொருள்களின் விலையேற்றத்தால், 2021 டிசம்பர் முதல் நாளிலிருந்து இரண்டு ரூபாய் ஆயிற்று. விலை இருமடங்காயிற்றே என்று மக்கள் திகைத்தனர். ஆயினும், பெட்டிக்கு 36 ஆக இருந்த குச்சிகள் 50 ஆக உயரும் என்று உற்பத்தியாளர் அறிவித்திருந்தனர். கணக்கிட்டுப் பார்த்தால், ஒரு குச்சியின் விலை ஏறக்குறைய 2.8 காசிலிருந்து 4 காசாக உயர்ந்தது புலப்படும். ஏற்றம் இருமடங்கன்று, ஒன்றரை மடங்கினும் சற்றுக் குறைவே. எண் எழுதப்படாவிடின் இவ்வுண்மையை எவ்வாறு அறிவது?

மெழுகுவத்தியின் நிலை வேறு. குச்சிகளைக் கடையிலேயே எண்ணிப் பார்க்கலாம். மெழுகுவத்தி எத்துணை நேரம் எரியும் என்பதை எரித்தன்றி அறிய இயலாது. அறிந்தபோது பொருளே இல்லை! ஆதலின், வாங்குவோன் தானே சோதிக்க இயலாத ஒன்றைச் செய்வோனே சொல்லுதல் முறையன்றோ? பொட்டலப் பொருள்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகள், செய்வோர் பெயர், முகவரி, அளவு, விலை முதலியவற்றைக் குறிக்கச் சொல்கின்றன. ஆனால் அளவு வேறு, எரியும் காலம் வேறு. ஒரே எடையுள்ள இரு வத்திகளுள் தடித்த திரியுடையது மெழுகை விரைந்து உறிஞ்சி விரைவில் தீரும். மெல்லிய திரியுடையது நின்று எரியும். மின்சாரம் நின்ற இரவில், மறுநாள் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுக்கு வேண்டுவது எடையன்று. விடியுமளவும் விளக்கு நிற்குமா என்பதே.

காற்று வீசினால் கணக்குப் பிழைக்குமே, அதற்கு நாங்கள் பொறுப்பாவதா என்று செய்வோர் வினவலாம். வினா நேர்மையானதே. இவ்விடர்ப்பாட்டை ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஓர் அரசன் கண்டான். இங்கிலாந்தை ஆண்ட ஆல்பிரட்டு மன்னன், நாலு மணி நேரம் எரியும் மெழுகுவத்திகள் ஆறினை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி ஒரு நாளை அளந்தான் என்று அவன் வரலாற்றை எழுதிய ஆசர் கூறுகிறார். சுவரின் இடுக்குகளில் புகுந்த காற்று வத்திகளை விரைந்து எரியச் செய்தது. மன்னன் அளத்தலைக் கைவிட்டானல்லன். மரத்தாலும் மாட்டுக் கொம்பாலும் கூடு செய்து சுடரைக் காத்தான். அதுபோல, காற்றில்லா அறையில் பல வத்திகளை எரித்துப் பார்த்து, அவற்றுள் குறைந்த நேரத்தையே பெட்டியில் எழுதுதல் தகும். மிகுந்த நேரத்தை எழுதுவோனும் உண்டு. அவன் பொய் சொல்லவில்லை எனினும் மெய் சொன்னவனும் ஆகான்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொடுக்கல் வாங்கலில் நடுநிலை பிறழாதவர் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. அவர் விற்றவை பெரும்பாலும் கண்ணால் கண்டும் கையால் நிறுத்தும் அறியத்தக்கவை. இக்காலத்துப் பண்டங்களோ தம் இயல்பை அட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைக்கு வருகின்றன.

வாணவெடியில் இது உயிர்ப்பிரச்சினை ஆகின்றது. வெடியின் பெட்டி மேல் அதில் அடங்கிய வேதிப்பொருள்களைக் குறித்தல் வேண்டும் என்று 2005 ஜூலை 18 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. வேதிப்பொருளினும் கொளுத்துவோனுக்கு உடனே பயன்படுவது திரி எரியும் காலம். மெழுகுவத்தி அரைமணி முன்னே அணைந்தால் இருளே மிஞ்சும். வெடித்திரி ஒரு நொடியில் தீர்ந்தாலோ கொளுத்தியவன் கையை விலக்கும் முன்னே வெடிக்கும். மிக நீண்ட திரியும் தீங்கே. அணைந்துவிட்டதென்று எண்ணிச் சிறுவர் குனிந்து பார்ப்பர். இதனாலன்றோ அமெரிக்க நாட்டு விதி, பொதுமக்கள் கொளுத்தும் வாணவெடிகளின் திரி மூன்று நொடிக்குக் குறையாமலும் ஒன்பது நொடிக்கு மிகாமலும் எரிதல் வேண்டும் என்று வரையறுத்தது! மூன்று நொடி என்பது சிறிதாகத் தோன்றலாம். கொளுத்திய பின் திரும்பி நாலைந்து அடி ஓடுவதற்கு அது போதும்.