கூச்சத்தை நம்பி விற்கப்படும் மாத்திரைகள்

மருந்துக்கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றுவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தி "அந்த மாத்திரை ரெண்டு" என்று கேட்கும் அறுபது வயதுக்காரரைப் பார்க்காத கடைக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. டாக்டர் சீட்டு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நெஞ்சுவலிக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்றும் கேட்பதில்லை. அட்டையிலிருந்து இரண்டை மட்டும் கத்தரித்து, காகித உறையில் போட்டு, பில் இல்லாமல் நீட்டுகிறார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் அச்சடித்த முனை பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. நாளை ஏதாவது ஆனால், எந்தக் கம்பெனியின் எந்த மாத்திரை என்று காட்ட வாங்கியவர் கையில் ஒன்றுமே இருக்காது.

பெண்களின் கதை வேறு. அவர்கள் கடைவரைகூட வருவதில்லை. மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆன பிறகு வரும் அரிப்பையும் எரிச்சலையும் மகனிடம் சொல்ல முடியாது, மருமகளிடம் சொல்லத் தயக்கம். பக்கத்து வீட்டம்மா பாதி தீர்த்துக் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

முதலில் ஒரு நினைப்பை உடைக்க வேண்டும். கடையில் கேட்டதும் கிடைக்கிறது என்பதால் அது சீட்டில்லாமல் விற்கலாம் என்று சட்டம் அனுமதித்த மருந்து ஆகிவிடாது. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாபில், டடாலாபில் இரண்டுமே ஷெட்யூல் எச் பட்டியலில் உள்ளவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் சில்லறையில் விற்பதே குற்றம். அட்டையின் பின்புறம் அதை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். படிக்க வேண்டிய வயதுக்காரருக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாத அளவில். பிரிட்டனில் 2018 முதல் 50 மில்லிகிராம் சில்டெனாபிலைச் சீட்டில்லாமல் விற்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே மருந்தாளுநர் இதயநோய், ரத்த அழுத்தம், சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். இங்கே அந்த விசாரணையும் கிடையாது, சீட்டும் கிடையாது.

விசாரிக்காததால் வரும் ஆபத்து இது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, ஐசோசார்பைடு, நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. அது ரத்தக் குழாயை விரிக்கும். சில்டெனாபிலும் விரிக்கும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று சரிந்து உயிரே போகலாம். சில்டெனாபில் சாப்பிட்டு 24 மணி நேரத்துக்கும், டடாலாபில் சாப்பிட்டு 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக் கூடாது என்பது மருத்துவ விதி. நம் வீடுகளில் நடப்பது என்ன? இரவில் கணவருக்கு நெஞ்சு அடைக்கிறது. அவர் எதைச் சாப்பிட்டார் என்று மனைவிக்குத் தெரியாது. அவரும் வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார். அலமாரியில் மாமனாருக்கு வாங்கி வைத்த நாக்கடி மாத்திரை இருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்து அதை எடுத்து வாயில் வைக்கிறார்கள்.

ஆகவே நைட்ரேட் சாப்பிடுபவர் ஆண்மைக் குறைவு மாத்திரையைத் தொடவே கூடாது. சாப்பிட்டுவிட்டு நெஞ்சுவலி வந்தால் 108 ஆம்புலன்ஸில் வருபவரிடமும் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவரிடமும் வெட்கப்படாமல் மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். மருத்துவர் அதற்கேற்ப வேறு மருந்து தருவார். சொல்லாவிட்டால் நைட்ரேட்டைத்தான் தருவார். புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவருக்கும் அந்த மாத்திரையால் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழும் அபாயம் உண்டு. விறைப்பு நான்கு மணி நேரம் தாண்டியும் அடங்காவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அது அவசர சிகிச்சைக்குரியது.

"ஆங்கில மருந்துதானே வம்பு, மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை" என்று ஒதுங்குபவர்கள்தான் இன்னும் பெரிய குழியில் விழுகிறார்கள். மூலிகை என்றும் இயற்கை என்றும் விற்கப்பட்ட பல பொருள்களைப் பரிசோதித்த அமெரிக்க உணவு மருந்துத் துறை, அவற்றில் லேபிளில் குறிப்பிடாமல் சில்டெனாபிலைக் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து வரிசையாக எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. லேகியம் சாப்பிட்ட அரை மணியில் "வேலை செய்கிறது" என்றால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம். நைட்ரேட் ஆபத்து இங்கேயும் அப்படியே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று மருத்துவருக்குச் சொல்லக்கூட முடியாது என்பது கூடுதல் ஆபத்து.

சித்த மருத்துவமே மோசடி என்பதல்ல இதன் பொருள். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தப் பிரிவு இருக்கிறது, பட்டம் பெற்ற மருத்துவர் இருக்கிறார், மருந்து இலவசம். மாதத்தில் ஒரு நாள் லாட்ஜ் அறையில் உட்காரும் "பரம்பரை வைத்தியர்" வேறு ரகம். தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், சேர்மானப் பட்டியல் மூன்றும் இல்லாத டப்பா எந்த முறை மருந்தாக இருந்தாலும் வாங்கத் தகுந்ததல்ல.

பெண்கள் விஷயத்தில் கடைக்காரர் கையில் எடுத்துத் தரும் களிம்பில் பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லியோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் திரும்பும், மறுபடி தடவுவார்கள். தோல் மெலிந்து, படர்தாமரை போன்ற தொற்று உள்ளுக்குள் பரவும். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கழுவுவது எரிச்சலை இன்னும் கூட்டும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடத்துத் தோல் வறண்டு மெலிகிறது. அதற்கு மருத்துவர் எழுதித் தரும் எளிய சிகிச்சை உண்டு. கடைக் களிம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று. டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அதனாலேயே ஆண், பெண் இருவருக்கும் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வர வாய்ப்பு கூடுகிறது. புது மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அரிப்பு வந்தால், மருந்துப் பெட்டியோடு எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போக வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது, களிம்பு தேடி அலையவும் கூடாது.

எந்தக் களிம்பாலும் மூடி மறைக்கக் கூடாத அறிகுறி ஒன்று இருக்கிறது. மாதவிடாய் முற்றிலும் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே மகளிர் நோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். "சூட்டுக்கு வந்திருக்கும்" என்று இளநீர் குடித்துக்கொண்டு ஆறு மாதத்தைக் கடத்திவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மறுபடியும்: ஒரு சொட்டு என்றாலும்.

ஆண்களுக்கும் இப்படி ஓர் அடையாளம் உண்டு. விறைப்புக் குறைவு பலருக்கு இதயநோய்க்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆணுறுப்பின் ரத்தக் குழாய்கள் சிறியவை. அடைப்பு முதலில் அங்கே தெரியும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இ.சி.ஜி. பார்க்காமல் மாத்திரை வாங்குபவர் அந்த முன்னறிவிப்பைத் தானே கிழித்துப் போடுகிறார்.

எங்கே போவது? நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் தொலைபேசியிலேயே கேட்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆண்கள் முதலில் பொது மருத்துவம், தேவைப்பட்டால் சிறுநீரகவியல், பெண்கள் மகளிர் நோய்ப் பிரிவு என்று புறநோயாளிச் சீட்டு போடலாம். சீட்டு போடும் இடத்தில் வியாதியைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை, பிரிவின் பெயர் போதும். சென்னை கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மையம் இந்த வயதினருக்கென்றே உள்ளது. எங்கே போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். கடையில் ரகசியமாக வாங்கியதையும் சேர்த்து.

இனி புகார். 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதிவுபெற்ற மருத்துவர் தன் கிளினிக் வாசலில் சிகிச்சை உண்டு என்று பலகை வைப்பது விதிவிலக்கு; பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் கைபேசி எண்ணோடு ஒட்டும் நோட்டீஸ் அல்ல. வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது. புறக்காவல் நிலையத்துக்கு எதிர்ச் சுவரிலேயே அந்த நோட்டீஸ் வருடக்கணக்கில் வெளுத்துப்போய்த் தொங்குகிறது என்றால், சட்டம் இல்லாதது காரணமல்ல.

மருந்துக்கடை மீதான புகாரை அந்தப் பகுதி மருந்து ஆய்வாளருக்கோ, மருந்துகள் கட்டுப்பாட்டு உதவி இயக்குநருக்கோ எழுத வேண்டும். நகலை இயக்குநர், மருந்துகள் கட்டுப்பாட்டுத் துறை, 359, அண்ணா சாலை, தேனாம்பேட்டை, சென்னை 600006 என்ற முகவரிக்குப் ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தின் எண், வாங்கிய தேதி, நேரம், பில் நகல், அட்டையின் இருபுறப் படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். "அந்தத் தெரு முனைக் கடையில் எல்லாம் விற்கிறான்" என்று எழுதும் கடிதம் குப்பைக்குத்தான் போகும். சித்த, ஆயுர்வேதத் தயாரிப்பு என்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலர். பட்டமில்லாமல் வைத்தியம் பார்ப்பவர் என்றால் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர்.

மாத்திரையே போலியோ என்ற சந்தேகம் வந்தால், 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வாங்கியவருக்கே ஒரு வழி தருகிறது. 14-ஏ படிவத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். அவர் கையொப்பமிட்ட அறிக்கை தர வேண்டும். அதற்கு மாத்திரையை முழு அட்டையாக, பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். பக்கவிளைவு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். நோயாளி தானே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு. இழப்பீட்டுக்கு 1915 நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை பில். பில் கேட்டால் கடைக்காரர் முகம் சுளித்தால், அங்கே வாங்காமல் வந்துவிடுவதே நல்லது.

புகாருக்குப் பதிலே வராவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி அதே துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி அனுப்பலாம்: இந்தத் தேதியிட்ட மனு யாரிடம் இருக்கிறது, அவர் கடையை ஆய்வு செய்த தேதி என்ன, ஆய்வறிக்கையின் நகல் எங்கே. 30 நாளில் பதில் தர வேண்டும். தபால் ரசீதை மட்டும் தொலைத்துவிடக் கூடாது. மேல்முறையீட்டில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.