வண்ணமீன் தொட்டி வழியாமல் காப்பது எப்படி?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் தோட்டத்து ஓரமாகச் சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, தங்கமீன் முதலிய வண்ண மீன்களை வளர்ப்பது சிறு விவசாயிகளுக்கு ஏற்ற உபதொழிலாகும். கொளத்தூர் வண்ணமீன் சந்தை பக்கத்திலேயே இருப்பதும் ஒரு வசதி.

கோடையில் திறந்த தொட்டியில் நாளொன்றுக்குச் சுமார் கால் அங்குலத் தண்ணீர் ஆவியாகும். 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள தொட்டியில் இது ஏறக்குறைய 35 லிட்டர். இதைத் தானாகவே ஈடுசெய்ய மிதவை வால்வு பொருத்துவது உண்டு. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி வால்வு திறக்கும். நிறைந்தால் ஏறி அடைத்துவிடும்.

ஆனால் மிதவையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் உப்புப் படிவோ பாசியோ நத்தையோ சிக்கினால் வால்வு மூடாது. மாடித் தொட்டியிலிருந்து நேரே இணைப்புக் கொடுத்திருந்தால் இரவு முழுதும் தண்ணீர் பாயும். பொழுது விடிவதற்குள் குஞ்சுகள் வழிந்தோடிவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராயின் எஞ்சிய மீன்களும் மடியும்.

சிறு டிரம் போதும்

இதற்கு எளிய வழி, வந்து சேரும் தண்ணீருக்கே அளவு வைப்பதுதான். தொட்டியைவிட உயரமான மேடையில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, அதிலிருந்து மிதவை வால்வுக்கு இணைப்புக் கொடுக்கவும். டிரம்மைக் கையால் நிரப்ப வேண்டும், மோட்டாருடன் இணைக்கலாகாது. மேற்சொன்ன தொட்டியில் ஓர் அங்குல உயரத்திற்குச் சுமார் 140 லிட்டர் பிடிக்கும். நீர்மட்டத்திற்கு மேல் 3 அங்குலம் காலியாக விட்டிருந்தால், வால்வு பழுதாகி டிரம் முழுதும் கொட்டினாலும் மட்டம் ஒன்றரை அங்குலமே உயரும். தொட்டி வழியாது. ஒருமுறை நிரப்பினால் கோடையிலும் ஐந்து நாள் வரும்.

டிரம் தாழ்வான இடத்தில் இருந்து, சிறு பம்பு மூலம் தண்ணீர் ஏற்றினால், குழாயின் முனை தொட்டி நீருக்குள் மூழ்கியிருத்தல் கூடாது. மூழ்கியிருந்தால் பம்பு நின்றதும் தொட்டி நீர் டிரம்முக்குத் திரும்பி, அங்கே வழியும். முனையை நீர்மட்டத்திற்கு இரண்டு அங்குலம் மேலே கட்டவும்.

மழைக்காலத்தில்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு டிரம் கணக்கு உதவாது. 10 செ.மீ. மழை பெய்தால் திறந்த தொட்டியில் நீர் 4 அங்குலம் உயரும். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. ஆகவே தொட்டிச் சுவரில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே 2 அங்குல வடிகுழாய் அவசியம். அதன் வாயில் நைலான் வலையைத் தட்டையாகக் கட்டினால் பாசி அடைத்துக்கொள்ளும். துளையிட்ட நீளமான குழாயைப் பொருத்தி, அதன்மேல் வலையைச் சுற்றுவது நலம். மழைக்காலம் முடியும்வரை மிதவை வால்வுக்குச் செல்லும் தண்ணீரை நிறுத்திவிடலாம்.

வடியும் நீரை வாழைக்கோ தென்னைக்கோ பாய்ச்சவும்; கால்வாயில் விடலாகாது. ‘டேங்க் கிளீனர்’ எனப்படும் தென் அமெரிக்க மீன், தொட்டிகளிலிருந்து வெளியேறித் தமிழக நீர்நிலைகளில் பெருகியுள்ளது. நாட்டு மீன்களுக்கும் மீனவர் வலைக்கும் அதனால் கேடு.

கவனிக்க வேண்டியவை

* வாரம் ஒருமுறை மிதவையைக் கையால் அழுத்தி, வால்வு திறந்து மூடுகிறதா எனப் பார்க்கவும். உப்புப் படிந்திருந்தால் கழற்றி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் கழுவவும்.
* நீர் ஆவியானாலும் அதிலுள்ள உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே தானாக நிரப்பும் ஏற்பாடு இருப்பினும் அவ்வப்போது ஒரு பகுதி நீரை மாற்ற வேண்டும்.

வால்வு பழுதானாலும் தொட்டி வழியாதபடி முன்கூட்டியே அமைத்துவிட்டால், வளர்த்த மீன் வளர்த்தவருக்கே மிஞ்சும்.