திப்பு சுல்தானின் ரிவால்வரா?

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கங்களில் பழந்துப்பாக்கி எதனைக் கண்டாலும் அது திப்பு சுல்தான் காலத்ததென்பாருளர். 1791-ல் ஆங்கிலப் படை ஓசூரைக் கைப்பற்றியதையும், கிருஷ்ணகிரிக் கோட்டையை வெல்லமாட்டாது மீண்டதையும் நாம் அறிவோமாதலின், அப்பேச்சிற்குச் சிறிது இடமுண்டு. ஆனால் நம் கைக்கு வரும் ரிவால்வர்களுக்கு அது பொருந்தாது. திப்பு மாண்டது 1799-ல். கோல்ட் என்பார் தமது சுழலும் துப்பாக்கிக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதோ 1835-ல்.

ரிவால்வரின் காலத்தை அதன் உருளையே காட்டும். ஒவ்வோர் அறையின் பின்னும் கேப்பு மாட்டும் சிறு முளையிருப்பின் அது முந்திய வகை. தோட்டா பின்புறமாகவே நுழையும் துளையிருப்பின் பிந்தியது. அடுத்து, சோதனை முத்திரையை நோக்கவேண்டும். பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813-ல் ஏற்பட்டது. உருளையிலும் உடலிலும் உள்ள எண்கள் வேறுபடின் விலை தாழும். எழுத்துக்கள் இடம்வலம் மாறிக் கிடப்பின், கைபர்க் கணவாய்ப் பக்கத்துக் கொல்லரின் போலியென ஐயுறலாம். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவோர் முத்திரையையும் தேய்த்தழிக்கின்றனர், இதனை என்னென்பது!

மலிவென்று வாங்குவோர் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை மறத்தலாகாது. பழுதுபார்த்தும் சுடவியலாத பழம்பொருளுக்கே அதில் விலக்குண்டு. சுடத்தக்கதாயின் லைசென்ஸ் இன்றி வைத்திருத்தல் குற்றமாம். நூறாண்டு கடந்த பொருளாயின், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி அதனைத் தனியார் அயல்நாட்டிற்கு அனுப்புதலும் கூடாது.