சில்லறைக்குள் ஒரு சரித்திரம்

வங்கியில் வாங்கிய சில்லறைப் பையைக் கொட்டி, வெள்ளி நாணயம் ஒன்றேனும் அகப்படாதா என்று துழாவும் அன்பர்கள் முதலில் அறியவேண்டியது, 1940-இல் ஏறத்தாழ 92 சதவிகிதத்திலிருந்து 50 சதவிகிதமாகக் குறைக்கப்பட்ட ரூபாயின் வெள்ளி, 1947-இல் நிக்கல் அதன் ஸ்தானத்தைப் பெற்றதோடு புதிய நாணயத்தைவிட்டே நீங்கிவிட்டது என்பதாகும். அதனை இன்று தேடவேண்டிய இடம் பாட்டியின் டிரங்குப் பெட்டியும், பழைய வெள்ளியை எடைபோட்டு வாங்கும் சேலத்துக் கடைகளுமே.

ஆயினும் சில்லறை நம்மை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டை முன்னிட்டு 2009-இல் வெளியான 5 ரூபாய் நாணயத்தில் அவருடைய கையொப்பம் தமிழிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. நாமக்கல் பஸ்ஸில் நடத்துநர் தரும் மீதியில் அது வந்து சேருமாயின், அதைப் பாக்கியமென்றே கொள்ளலாம். இக்கால நாணயங்களில் ஆண்டின் கீழ் வைர வடிவமிருந்தால் மும்பையிலும், நட்சத்திரமிருந்தால் ஹைதராபாத்திலும், புள்ளியிருந்தால் நொய்டாவிலும், குறியேதும் இல்லையேல் கொல்கத்தாவிலும் அச்சானதென்று அறியலாம்.

அரிய நாணயம் கிடைத்தால், தயவுசெய்து புளியிட்டுத் துலக்காதீர்கள். காலம் படியவைத்த நிறம் போய்விட்டால், சேகரிப்போரிடத்தில் அதன் மதிப்பும் குறைந்துவிடும்.