எதிர்நாயகனின் தற்சுட்டு: அம்ரீஷ் புரியின் ஒரு வசனமும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

எதிர்நாயகப் பாத்திரம் மக்கள் நினைவில் நிலைபெறுவதற்கு ஒப்பனையைவிட மொழியே பெரிதும் காரணமாகிறது. அம்ரீஷ் புரியின் (1932–2005) கலைவாழ்வு இதற்குத் தக்க சான்றாகும்.

பஞ்சாபின் நவான்ஷகரில் பிறந்த இவர், பம்பாயில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தில் பணியாற்றிக்கொண்டே சத்யதேவ் துபே இயக்கிய நாடகங்களில் நடித்தார். 1979இல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். கன்னடத்தில் 'காடு' (1973), இந்தியில் 'நிஷாந்த்' (1975), ஆங்கிலத்தில் இண்டியானா ஜோன்ஸ் வரிசைப் படம் (1984), தமிழில் 'தளபதி' (1991) எனப் பல மொழிப் படங்களில் நடித்தார். எனினும், அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது 'மிஸ்டர் இந்தியா' (1987) படத்தின் மூன்று சொற்களே: "மொகாம்போ குஷ் ஹுவா."

மொகாம்போ என்பது பேசுபவனின் பெயர். 'நான்' என்னாது தன் பெயராலேயே அவன் தன்னைச் சுட்டுகிறான். இந்தியில் 'ஹுவா' என்னும் இறந்தகால வடிவம் பாலையும் எண்ணையும் காட்டும், இடத்தைக் காட்டாது. தன்மை, படர்க்கை இரண்டுக்கும் அதுவே பொருந்தும். இடத்தை வெளிப்படுத்தும் துணைவினையும் இத்தொடரில் இல்லை. எனவே பேசுபவன் தன்மைக்கும் படர்க்கைக்கும் இடையே நிற்க முடிகிறது.

தமிழ் வினைமுற்றுக்கு இவ்வசதி இல்லை. விகுதி இடத்தைக் காட்டியே தீரும். ஆகவே மொழிபெயர்ப்பாளர்முன் நான்கு வழிகள் உள்ளன.

'மொகாம்போ மகிழ்ந்தான்' என்பது ஒருமை இயைபைக் காக்கிறது. ஆனால் ஒருவன் தன் கதையைத் தானே சொல்வது போன்ற தொனி ஏற்படுகிறது. 'மகிழ்ந்தார்' என்பது செருக்கைப் புலப்படுத்தும். ஆயினும் மூலத்தில் 'ஹுவே' என்னும் மரியாதை வடிவம் இல்லை. 'மொகாம்போ மகிழ்ந்தேன்' என்பது வழுவெனத் தோன்றலாம். ஆனால் தாய் தன்னை இன்னாரின் தாய் எனப் படர்க்கையால் சுட்டித் தன்மை வினையால் முடிப்பதை நன்னூல் உரைமரபு இடவழுவமைதியாக ஏற்கிறது. மூலத்தின் ஈரிடநிலைக்கு இலக்கண அளவில் மிக அண்மையானது இதுவே. இன்றைய செவிக்கு இது பழகாதது என்பதே குறை.

நான்காவது, 'மொகாம்போவுக்கு மகிழ்ச்சி' என்னும் நான்காம் வேற்றுமை அமைப்பு. வினைமுற்று இன்மையால் இடச் சிக்கல் எழுவதில்லை, சுருக்கமும் கிட்டுகிறது. ஆனால் இழப்பு ஒன்றுண்டு. 'ஹுவா' என்பது நிலையையன்று, நிகழ்வைக் குறிப்பது. அவனது மகிழ்ச்சியையும் சினத்தையும் நம்பியே ஏவலர் உயிர் வாழும் அவையில், அச்சொல் ஒரு தீர்ப்பு. 'மகிழ்ச்சி' என்னும் பெயர்ச்சொல்லில் அத்தீர்ப்பு வெறும் செய்தியாகிவிடுகிறது.

திரையில் கேட்கும் வசனத்திற்கு நான்காம் வழி பொருந்தும். எனினும் இழந்த நிகழ்வுப் பொருளைக் குரல் ஈடுசெய்ய வேண்டும். அச்சில் வரும் திரைக்கதைக்குக் குரலின் துணை இல்லை. அங்கு முதல் வழியே ஏற்றது. அம்ரீஷ் புரி அம்மூன்று சொற்களையும் அவசரமின்றி, தாழ்ந்த குரலில் உச்சரித்தார். எழுத்தில் இல்லாத ஆணையை அவர் குரல் ஏற்றியது. மொழிபெயர்ப்பாளர் பெயர்க்க வேண்டியது சொல்லையும் அந்த ஆணையையும் சேர்த்தே.