குடிக்காதவருக்கும் கணைய அழற்சி வருமா?



கணைய அழற்சி என்றதும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "குடிப்பழக்கம் உண்டா?" என்பதுதான். அது அவர் கடமை. பித்தப்பைக் கல்லும் மதுவுமே இந்நோய்க்கு முக்கியக் காரணங்கள். ஆனால் அதே கேள்வி வார்டைத் தாண்டி உறவினர் வாய்க்கு வரும்போது சந்தேகமாகிவிடுகிறது. மதுவைத் தொட்டே அறியாதவர் வலியோடு பழியையும் சுமக்கிறார். மார்க்கம் தடுத்த வீண் சந்தேகம் இது.

வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் அரிதான ஒன்றை இங்கே சொல்கிறோம். கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் ஆபரேஷனில் சரியாகிவிடும் என்பதால் அது தெரிந்திருப்பது நல்லது.

கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. (பெயரில்தான் ஒற்றுமை, வேலை வேறு. தைராய்டு டெஸ்ட் நார்மல் என்பதால் இவையும் நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.) ரத்தத்தில் கால்சியத்தை அளவாக வைப்பது இவற்றின் பொறுப்பு. இவற்றில் ஒன்றில் கட்டி வந்தால் ஹார்மோன் அதிகமாகச் சுரந்து, எலும்பிலுள்ள கால்சியத்தை ரத்தத்துக்கு இழுத்துவிடும். அந்தக் கட்டி பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. கால்சியம் மிகுந்தால், குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டிய செரிமான நொதிகள் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி அதையே அரிக்கும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி அதனால்தான்.

இத்தகையவர்களுக்கு அடிக்கடி சிறுநீரகக் கல், எலும்பு வலி, மலச்சிக்கல், தீராத அசதி இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மாத்திரை வாங்குவதால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லாமல் போகிறது.

எனவே மதுவும் இல்லை, கல்லும் இல்லை என்றால், கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால்சியம் பொதுவாக 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும். அழற்சி கடுமையான நாட்களில் அது தற்காலிகமாக இறங்கி, நார்மல் போலக் காட்டலாம். குணமான பிறகு மறுபடி பார்ப்பது அவசியம்.

இக்கட்டியை 1925இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டில் என்ற மருத்துவர் முதன்முதலாக அகற்றினார். இன்று சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே அகச்சுரப்பி அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. தாம்பரத்தில் ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். பழைய ரிப்போர்ட்டுகளையும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

மூட்டு வலிக்கென்று கால்சியம் மாத்திரையோ வைட்டமின் டி ஊசியோ சீட்டு இல்லாமல் தொடர்ந்து எடுக்காதீர்கள். அளவு மீறினால் அதுவும் கால்சியத்தை ஏற்றிவிடும். கால்சியம் கூடுதல் என்று தெரிந்தவர்கள், ரமளான் நோன்புக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடலில் நீர் குறைந்தால் கால்சியம் மேலும் ஏறும்.