பழைய வடிவில் புதிய காமிரா

கையை நீட்டி ஒரு விரலை நிமிர்த்திப் பிடித்து, முதலில் ஒரு கண்ணாலும் பின்னர் மற்றக் கண்ணாலும் நோக்கினால், பின்னணியில் விரல் இடம் பெயர்வதுபோலத் தோன்றும். விரல் அருகே வரவர இப்பெயர்ச்சி மிகும். இடமாறு தோற்றம் எனப்படும் இவ்வுண்மையே தொலைவுமானிக் காமிராவுக்கு அடிப்படையாகும். இதனை வகுப்பறையில் எளிதில் செய்து காட்டலாம்.

அமைப்பு

இக்காமிராவின் முகப்பில் ஏறத்தாழ 7 செ.மீ. இடைவெளியில் இரு சாளரங்கள் உள்ளன. ஒன்றின் வழியே கண் காட்சியை நேராகக் காண்கிறது. மற்றதன் வழியே வரும் பிம்பம், ஒளியின் ஒரு பகுதியை மட்டும் எதிரொளிக்கும் கண்ணாடியின் உதவியால் காட்சியின் நடுவே சேர்க்கப்படுகிறது. லென்ஸின் வளையத்தைச் சுழற்றுகையில் ஒரு நெம்புகோல் அசைந்து இரண்டாம் பிம்பத்தை நகர்த்தும். இரு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும்போது, லென்ஸ் அப்பொருளின் தொலைவுக்குச் சரியாக அமைந்துவிட்டது என அறியலாம்.

ஜெர்மனியில் 1932-இல் வெளிவந்த இரண்டாம் லைக்கா காமிராவில் இவ்விணைப்பு இடம்பெற்றது. 1954-இல் வந்த லைக்கா எம்3 காமிராவில் காட்சிச் சாளரமும் தொலைவுமானியும் ஒன்றாக்கப்பட்டன. லென்ஸுக்குப் பின்னே மேலெழும் கண்ணாடி இன்மையால், இவ்வகைக் காமிரா மெல்லியதாக அமைந்தது. படம் பதியும் கணத்திலும் காட்சி கண்ணுக்கு மறைவதில்லை.

எழுந்த சிக்கல்

இதே மெல்லிய அமைப்பு டிஜிட்டல் நுட்பத்திற்கு இடையூறாயிற்று. கண்ணாடி எழும் காமிராக்களில் லென்ஸ் பொருத்தும் வளையத்திற்கும் பிலிமுக்கும் இடையே 45 மி.மீ. அளவு இடைவெளி இருக்கும். எம் வகைக் காமிராவிலோ அது 27.8 மி.மீ. மட்டுமே. ஆகவே, அகன்ற காட்சிக்கான லென்ஸ்களிலிருந்து வரும் கதிர்கள் படத்தின் மூலைகளில் மிகச் சாய்வாக விழுகின்றன. பிலிம் சாய்ந்த ஒளியையும் நன்கு ஏற்கும். ஆனால் ஒளியுணரியின் பிக்சல்கள் சிறு கிணறுகள் போன்றவை. சாய்ந்த ஒளி அவற்றின் அடியைச் சென்று சேர்வதில்லை. அதனால் மூலைகள் இருண்டுவிடும்.

ஜப்பானின் எப்சன் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆர்-டி1 முதல் டிஜிட்டல் தொலைவுமானிக் காமிராவாகும். அதன் உணரி, பிலிம் சட்டத்தினும் சிறியது. 2006-இல் வந்த லைக்கா எம்8 காமிராவில், உணரியின் ஓரங்களிலுள்ள நுண்லென்ஸ்கள் மையத்தை நோக்கிச் சற்று நகர்த்தி வைக்கப்பட்டன. உணரியை மூடும் கண்ணாடியும் மெல்லியதாக்கப்பட்டது. இதனால் வேறொரு குறை தோன்றிற்று. மெல்லிய கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களைப் போதிய அளவு தடுக்கவில்லை. செயற்கை இழையாலான சில கறுப்புத் துணிகள் ஊதா நிறமாகப் பதிந்தன. லென்ஸின் முன்னே தனி வடிகட்டி பொருத்தி இக்குறை நீக்கப்பட்டது. பிலிம் சட்டத்தின் முழு அளவான 36 × 24 மி.மீ. உணரி, 2009-இல் எம்9 காமிராவில்தான் கைகூடியது.

மற்றொரு வழி

ஜப்பானின் ஃபூஜிஃபிலிம் நிறுவனம் 2011-இல் விற்பனைக்குக் கொணர்ந்த எக்ஸ்100 காமிராவில் பழைய தோற்றமும், ஷட்டர் வேகத் திருகும், துளை வளையமும் உள்ளன. தொலைவுமானிப் பொறி இல்லை. லென்ஸைக் காமிராவே தானாகக் குவியச் செய்கிறது. ஒரு விசையைத் திருப்பினால், நேர்க் காட்சிக்குப் பதிலாக மின்திரைக் காட்சி சாளரத்தில் தோன்றும். கழற்ற இயலாத இதன் லென்ஸ், உணரிக்கேற்பவே வடிவமைக்கப்பட்டது.

பயனும் அலங்காரமும்

பழைய உறுப்பு ஒன்றைப் புதிய கருவியில் காணும்போது, அது இன்றும் பணி செய்கிறதா என ஆராய்தல் வேண்டும். ஷட்டர் வேகத் திருகு, காமிரா அணைந்திருக்கும்போதும் அமைப்பைக் காட்டும்; அது பயனுடையது. ஆர்-டி1 காமிராவில் பிலிம் இல்லாவிடினும், அதன் நெம்புகோல் ஷட்டருக்கு விசையேற்றுகிறது. 2018-இல் வந்த எம்10-டி காமிராவிலுள்ள நெம்புகோலோ கட்டைவிரலைத் தாங்குவதற்கு மட்டுமே உரியது.

தொலைவுமானிக்கு வரம்புகளும் உண்டு. பொதுவாக 70 செ.மீ.க்குட்பட்ட பொருள்களுக்கு அது உதவாது, 135 மி.மீ.க்கு மேற்பட்ட நீண்ட லென்ஸ்களுக்கும் அதன் துல்லியம் போதாது. ஆகவே, இலையிலுள்ள பூச்சியையோ தொலைவிலுள்ள பறவையையோ படமெடுக்கும் களப் பணியாளர், படத்தைத் திரையில் நேரே காட்டும் காமிராவை நாடுவதே தக்கது. மக்களையும் அவர்தம் தொழிலையும் சூழலோடு பதிவு செய்வோர்க்குத் தொலைவுமானிக் காமிரா ஏற்றது; சட்டத்திற்கு வெளியே நிகழ்வதையும் அதன் சாளரம் காட்டும்.